பக்கத்திலிருந்து பார்த்தால்

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கடைத் தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, தலையை வலது தோளில் சாய்த்துக்கொண்டாள் பிரியந்தினி. சுவரில் ஓடிக்கொண்டிருந்த மூன்று தொலைக்காட்சிகளும் இப்போது கோணலாகத் தெரிந்தன. அவளுக்கு அப்படித்தான் தெரியவேண்டும்.

“அக்கா, அங்கால கதிரை கிடக்கு,” என்றான் கடையில் வேலை செய்யும் சதீஸ்.

“கதிரையில இருந்து பாக்கிற ஆளுக்கில்லைத் தம்பி இது. அப்பா கட்டில்ல படுத்திருந்து பாக்கப்போறார். அதுவும் ஒருக்களிச்சபடி.”

பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டார்கள். முன்னுக்கு நின்று பார்த்தாள், வாசல் பக்கம் போய்ப் பார்த்தாள், இப்போது நிலத்திலும் இருந்தாயிற்று. சதீஸுக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய முகத்தைக் கண்டு அடக்கிக்கொண்டான்.

வட்டக்கச்சியில் வயல் செய்த வீரகத்தியைத் தைப்பொங்கல் கழிந்த கையோடு பாரிசவாதம் விழுத்திவிட்டது. இடப்பக்கம் முழுக்கச் செயலிழந்து, வாயும் ஒரு பக்கம் இழுபட்டுப் போயிற்று. ‘வீட்டில் வைத்துப் பாருங்கள்’ என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன பொருள் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. முன் அறையில் கட்டில் போட்டாயிற்று. அவரால் ஒரு பக்கம்தான் சரிந்து படுக்க முடியும். தொலைக்காட்சி வைக்கக்கூடிய ஒரே சுவரோ கால்மாட்டுக்கும் அப்பால் சரிவாக இருந்தது.

மூத்தவன் ஜெயந்தன் பிரான்சில் இருக்கிறான். பதினைந்து வருசத்துக்கு மேலாகியும் அவனுக்கு அங்கே வதிவிட உரிமை தரும் ‘காட்’ கிடைக்கவில்லை. அந்த அட்டை இல்லாதவன் நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பிப் போக வழியில்லை. ஆகவே போனில்தான் முகம் காட்டுவான். போன கிழமை வீரகத்தி போனுக்குள் தெரிந்த முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு குழறலான குரலில், மரியாதையாக, “ஆர் தம்பி நீர்?” என்று கேட்டார்.

ஜெயந்தன் சிரித்துச் சமாளித்தான். பிறகு தங்கைக்குத் தனியாக எடுத்தான். “கண் தெரியேல்லையோ பிரியா, இல்லாட்டி என்னை மறந்திட்டாரோ?”

“போன் சின்னன் அண்ணா. பெரிசாக் கண்டால் உடன சொல்லிப்போடுவார்.”

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே அது நிச்சயமில்லை. அப்பா போவதற்கு முன் ஒரு தடவை அண்ணனைக் கண்டு, அவன் பெயரைச் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் ரீவி.

“இந்தத் திரைப் பனலுக்குக் கறுப்பு நல்ல கறுப்பு அக்கா. இரவு ஓடுற இடத்தைப் பாருங்கோ,” என்று சதீஸ் முதலாவதைக் காட்டினான். உண்மைதான். கரண்ட் போன இரவைப் போல அப்படியொரு இருட்டு, அதற்குள் ஒற்றை விளக்கு. நேரே நின்று பார்த்தபோது அவளுக்கு அதுவே போதும் போலிருந்தது. ஆனால் நிலத்திலிருந்து சரிந்து பார்த்தால், அந்தக் கறுப்பு சாம்பலாகிப் போனது. விளக்கைப் பிடித்திருந்த பெண்ணின் முகத்தில் யாரோ திருநீற்றை அள்ளிப் பூசிவிட்டது போலிருந்தது. மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று சும்மாவா சொன்னார்கள்.

இரண்டாவது பெரியது, விலையும் பெரியது, அதிலும் அதே கதை. மூன்றாவது அவ்வளவு எடுப்பில்லை.

“இதில கறுப்பு கொஞ்சம் வெளிறல்தான். ஆனா இது வேற சாதிப் பனல் அக்கா. எந்தப் பக்கத்தில நிண்டு பாத்தாலும் நிறம் மாறாது.”

“பூவும் கிளியும் காட்டாதையுங்கோ. ஒரு முகம் போட்டுக் காட்டுங்கோ,” என்று அவள் தன் போனை நீட்டினாள். ஜெயந்தன் அனுப்பிய வீடியோ ஒன்று அதில் இருந்தது. ஒரு பாலத்தில் நின்று, ‘இஞ்ச சரியான குளிர்’ என்று கையைத் தேய்த்துக்கொண்டு சொல்வான், அவ்வளவுதான்.

மூன்றாவது திரையில் அண்ணன் வந்தான். பிரியந்தினி தன்னை அறியாமல் எழும்பி நின்றாள். இந்த வீடியோவை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். ஆனால் காதோரம் இவ்வளவு நரைத்திருப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். கீழுதடு குளிரில் வெடித்திருந்தது. சிரிக்கும்போது கண் சிரிக்கவில்லை. இத்தனை வருசமாக இவ்வளவையும் அந்தச் சின்னப் போன் தின்றுவிட்டிருக்கிறது என்று நினைத்தாள். இடப்பக்கம் போனாள், வலப்பக்கம் வந்தாள், திரும்பவும் நிலத்தில் இருந்து தலையைச் சாய்த்தாள். எங்கே போனாலும் அண்ணன் அண்ணனாகவே இருந்தான்.

“இதுதான். நாளைக்குக் காலமை கொண்டுவந்து பூட்டித் தாங்கோ,” என்றாள்.

சதீஸ் பெட்டி எடுக்க உள்ளே போனபோது அம்மாவின் அழைப்பு வந்தது. இராசேஸ்வரி போனில் வளவளவென்று கதைக்கிற ஆள். இன்றைக்கு இரண்டு சொல்தான் சொன்னாள்.

“பிள்ளை, வா.”

ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அழவேண்டும் என்ற நினைவுகூட அவளுக்கு வரவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். இழுபட்டிருந்த வாய் நேராகியிருந்தது. இத்தனை மருந்தும் எண்ணெய்த் தேய்ப்பும் செய்யாததைச் சாவு ஒரு நொடியில் செய்துவிட்டது. வயலில் இருந்து ஏறிவந்து, கால் கழுவிவிட்டு, ‘தேத்தண்ணி தா பிள்ளை’ என்று கேட்கிற பழைய முகம். கட்டிலைச் சுற்றிவந்து மறுபக்கம் நின்றும் பார்த்தாள். அங்கேயும் அதே முகம்தான்.

“அண்ணாவைத் தேடினவரோ அம்மா?”

இராசேஸ்வரி தலையை ஆட்டினாள். அது ஓமா இல்லையா என்று விளங்கவில்லை.

மறுநாள் முற்றத்தில் வெள்ளைப் பந்தல் போட்டு, அதன் நடுவே வீரகத்தியைக் கிடத்தியிருந்தார்கள். பறை முழங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஒரு சின்னப் பட்டா லொறி வாசல் படலையடியில் வந்து நின்றது. பெட்டியோடு இறங்கிய சதீஸ், பந்தலைக் கண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். வேண்டாமென்று கடைக்குச் சொல்ல யாருக்கு நினைவு வந்தது?

வீரகத்தியின் தம்பி மயில்வாகனம்தான் விறுவிறென்று போனார். ஜெயந்தன் இல்லாத இடத்தில் கொள்ளி வைக்கப்போகிறவர் அவர். முறை பிசகவிடமாட்டார். “திருப்பிக்கொண்டு போம் தம்பி. செத்தவீட்டில ஆரும் ரீவி போடுறதே? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும், பிறகு பாப்பம்.”

இராசேஸ்வரி தலைமாட்டிலிருந்து எழுந்து மயில்வாகனத்தைப் பார்த்தாள்.

“தம்பி, படம் பாக்கவே நான் கேக்கிறன்? மூத்த பிள்ளை படலையில வந்து நிக்கிறான். உள்ளுக்கு விடுங்கோ.”

பறைகூட ஒரு கணம் தடுமாறியது. மயில்வாகனம் மச்சாளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு தானே போய் அதன் ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

கால்மாட்டில் ஒரு மேசை போட்டு அதில் வைத்தார்கள். குசினியில் இருந்து வயர் இழுத்தார்கள். பிரியந்தினியின் போனை வீரகத்தியை நோக்கிப் பந்தல் காலில் கட்டி, அதில் வருவதைத் திரையில் விழச் செய்தான் சதீஸ். வந்தான் ஜெயந்தன். சவரம் செய்யாத முகம், தடித்த உடுப்பு, பின்னால் ஒரு வெறும் சுவர். கோயிலில் திரை விலகும்போது எழுவதைப் போல, பந்தலில் இருந்த சனம் முழுக்க எழுந்து நின்றது. பக்கத்து வீட்டு மனிசி சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள். தலைமாட்டில் நின்றவர்களும், ஓரத்தில் பெண்களோடு நின்றவர்களும், கடைசியில் கதிரையோடு ஒதுங்கியிருந்தவர்களும், தன்னைத்தான் பார்க்கிறான் என்றே நினைத்தார்கள். “வந்திட்டியே அப்பன்,” என்றார் மயில்வாகனம்.

ஜெயந்தன் கீழே கிடந்தவரைப் பார்த்தான்.

“அப்பா, நான் ஜெயந்தன்,” என்றான். அறிமுகமில்லாத வீட்டுக்கு வந்தவன் தன் பெயரைச் சொல்லுவது போல அவ்வளவு தெளிவாகச் சொன்னான்.

பிரியந்தினிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வந்தது வந்ததுதான், நிறுத்த முடியவில்லை.

வாய்க்கரிசி போடும் நேரம் இராசேஸ்வரி ஒரு பிடி அரிசியோடு திரைக்குக் கிட்டப் போனாள். “கையைக் காட்டு அப்பு.” அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். அது திரையை நிறைத்தது. ரேகையும் காய்ப்பும் எண்ணலாம் போலிருந்தது. அவள் அந்தக் கையில் அரிசியை ஒற்றியெடுத்து, கொண்டுபோய்ப் புருசனின் வாயில் போட்டாள். இப்படி ஒரு முறை எந்த ஊரில் இருக்கிறது என்று மயில்வாகனம் கேட்கவில்லை. ஐயரும் கேட்கவில்லை, மந்திரத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

பிறகு தூக்கினார்கள். சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. படலை வரைக்கும்தான் அவர்களுக்கு. எல்லோரும் படலைக்கு ஓட, இராசேஸ்வரி மட்டும் நடுவழியில் நின்று திரும்பி வந்தாள்.

“இவன் இஞ்சால பாத்துக்கொண்டெல்லோ நிக்கிறான். பிடியுங்கோ பிள்ளையள், திருப்புவம். தேப்பன் போறதை அவனும் பாக்கட்டும்.”

மேசையோடு சேர்த்துத் தொலைக்காட்சியைப் பெண்கள் தெருப்பக்கம் திருப்பினார்கள். ஜெயந்தனின் முகம் இப்போது படலையைப் பார்த்தது. ஆனால் அவனுடைய கண் திரையில் இல்லை, பந்தல் காலில் கட்டிய போனில் இருந்தது. அங்கே அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவைக் கிடத்தியிருந்த வெறும் வாங்குப் பலகையும் உதிர்ந்த பூவும்தான். பிரியந்தினி அதைச் சொல்ல வாய் திறந்தாள். அம்மா திரையின் மேல் விளிம்பில், தோளில் வைப்பது போலக் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“தெரியுதோ அப்பு?”

“தெரியுது அம்மா,” என்றான் ஜெயந்தன்.

பிரியந்தினி ஓடிப்போய்ப் போனை அவிழ்த்துவந்து, அம்மாவுக்குப் பின்னால் நின்று தெருவுக்கு நேரே பிடித்தாள். பாடை வாய்க்கால் கரையால் திரும்பிக்கொண்டிருந்தது. தோளில் காவியவர்களின் காலடிச் செம்புழுதி எழுந்து எல்லாவற்றையும் மறைத்தது. கை உளைந்தது, அவள் இறக்கவில்லை.

“தங்கச்சி,” என்றான் அண்ணன் மெல்ல. “இன்னும் கொஞ்சம் உயத்திப் பிடி.”

அவள் நுனிக்காலில் எழும்பி நின்றாள்.