பல்லிப்பாறை இறக்கம்

மஸ்கட்டில் ஆறு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு 2015இல் முட்டத்துக்குத் திரும்பிய டெல்சி கொண்டுவந்த பெரிய அட்டைப்பெட்டியில் டிவி இருக்கும் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். பிரித்தால் சைக்கிள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தனித்தனி ஷாக் அப்சார்பர், தடித்த டயர்.

"கேரியர் இல்லாத சைக்கிளை எதுக்குட்டி கடல் கடந்து கொண்டாந்த?" என்றாள் அம்மா செசிலி.

அது மலையில் ஓட்டுகிற சைக்கிள். ஓமானின் கரடுகளில் டெல்சி அதை ஓட்டிப் பழகியிருந்தாள். இங்கே தேடித் தேடி, ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய ஒரு குன்றில் ஆடுகள் நடந்து உண்டான ஒற்றையடிப் பாதையைக் கண்டுபிடித்தாள். ஞாயிறுதோறும் சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும், தம்பி பெனினின் மீன் வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போவாள். பாதையின் நடுவில் பல்லிப்பாறை. ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக இறங்கும்; இறங்கியதும் சட்டென்று இடப்பக்கம் திரும்ப வேண்டும். முதல் மூன்று ஞாயிறும் அங்கே பிரேக் பிடித்து, சைக்கிளைத் தோளில் தூக்கித்தான் இறங்கினாள்.

நான்காவது ஞாயிறு ஆதிராவும் வந்தாள். பள்ளிக்கூடத் தோழி, இப்போது நாகர்கோவிலில் பி.டி. டீச்சர். கல்லூரியில் சைக்கிள் பந்தயம் ஓடியவள்.

சைக்கிளை மாறி மாறித் தள்ளி உச்சிக்குப் போனார்கள். ஆனி மாதக் காற்று ஆளைத் தள்ளியது. கீழே காற்றாலைகள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. டெல்சி சைக்கிளில் ஏறி இறக்கத்தில் விட்டாள். கற்கள் தடதடவென்று உருள, வேர்களும் குழிகளும் சக்கரத்துக்கு அடியில் ஓடி மறைய, பல்லிப்பாறை வந்தது. கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது.

பின்னால் ஓடி வந்த ஆதிரா கேட்டாள். "என்னட்டி, நிப்பாட்டிட்ட?"

"இதுல போனா பல்லு மிஞ்சாது."

ஆதிரா பாறையில் இறங்கி, ஏறி, செருப்பால் தேய்த்துப் பார்த்தாள். "ஒருக்கா எனக்குத் தாயேன்."

டெல்சி கைப்பிடியை விடவில்லை. துடைப்பதற்குக்கூடத் தம்பியைத் தொடவிடாத சைக்கிள். "இது ரோட்டு சைக்கிள் இல்லட்டி. சீட்டை இறக்கணும். உடம்பைப் பின்னால கொண்டு போவணும். முன் பிரேக்கை இறுக்கிப் புடிச்சிராத." சொல்லி முடித்தபோது ஹெல்மெட்டையும் கழற்றிக் கொடுத்திருந்தாள்.

ஆதிரா கொஞ்சம் மேலே போய்த் திரும்பி வந்தாள். பாறை விளிம்பில் நிதானிக்கவே இல்லை. முன் ஷாக் அமுங்கியது, பின் ஷாக் அமுங்கி எழுந்தது, மறுகணம் அவள் வளைவுக்கு அப்பால் நின்று கூவிக்கொண்டிருந்தாள்.

டெல்சிக்கு முதலில் வந்தது பொறாமைதான். தன் சைக்கிளில் இன்னொருத்தி முந்திவிட்டாள்.

"நீ சொன்னதைத்தான் செய்தேன். சைக்கிள் அதுவாட்டு இறங்குது. நடுவுல நீதான் நிப்பாட்டுற," என்றாள் ஆதிரா.

டெல்சி சைக்கிளை வாங்கி மேலே ஏற்றினாள். இந்த முறை பாறையைப் பார்க்காமல், அதற்குப் பின்னாலிருந்த வளைவையே பார்த்தாள். விளிம்பில் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடித்தது. அதன் மேல் சாய்ந்தபடியே விட்டாள். தரை போனது. பெடல் பாறையில் உரசி, பின் சக்கரம் உதைத்து, டயர் மண்ணைக் கவ்வியது. முள்செடி முழங்கையைக் கீறியது தெரியவே இல்லை. அடிவாரச் செம்மண் சமவெளி வரை நிறுத்தவில்லை. நிறுத்திய பிறகும் சிரிப்பு நிற்கவில்லை.

ஆதிரா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "ஏட்டி, ரத்தம்."

"கெடக்கட்டும். நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"நல்லாட்டு பாத்தியா?"

உச்சிவெயில் வரை ஏறி ஏறி இறங்கினார்கள். தண்ணீர் தீர்ந்தது. பெனின் இரண்டு முறை போன் செய்தும் எடுக்கவில்லை. அடுத்த முறை யாருக்கு என்று சண்டை வந்தது. "எனக்க சைக்கிள்," என்று டெல்சி சொல்ல, அதற்குள் ஆதிரா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பாதி மேட்டுக்குத் தள்ளிப் போயிருந்தாள்.