பக்கத்து சீட்டு பிரேக்

தையல்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இருபது வருஷக் குடித்தனத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தது எப்போதும் மனைவிதான். இவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் ஓட்டுவார். அதிலும் "மெதுவா, மெதுவா" என்ற ஒரே பாடம்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் முதுகுத்தண்டில் வந்த கட்டி அவளுடைய கால்களைப் பறித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக ஓடியாடியவள். இப்போது அதே ஆஸ்பத்திரி, அவசர அழைப்புகளை எடுக்கும் மேஜைக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறது. திங்கட்கிழமை முதல், காலை ஆறு மணிக்கு. சக்கர நாற்காலியை ஏற்றிக்கொள்ளும் பஸ் அந்த நேரத்தில் கிடையாது. தானே ஓட்டிப் போக முடிந்தால் வேலை அவளுக்கு. முடியாவிட்டால் வேறு ஆளுக்கு.

இப்படிப்பட்டவர்களுக்கு வண்டி மாற்றித் தருவதில் கைதேர்ந்த மெக்கானிக் அக்காவிடம் காரைக் கொண்டுபோனார்கள். அக்கா ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி பொருத்தினாள். இழுத்தால் வேகம், முன்னால் தள்ளினால் பிரேக். மறு கையால் திருப்ப ஸ்டியரிங் மேல் ஒரு குமிழ். மனைவியை, சக்கர நாற்காலியில் அவள் போட்டு உட்காரும் மெத்தையோடு சீட்டில் உட்காரவைத்து, தோளிலிருந்து உள்ளங்கை வரை மூன்று தடவை அளந்தாள். அளவெடுப்பதில் தன்னை விட்டால் ஆளில்லை என்றிருந்த தையல்காரரே தலையை நீட்டி எட்டிப் பார்த்தார்.

ஆனால் பயம் விடவில்லை. மறுநாள் தனியாகப் போய், டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இருப்பது போலப் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் வேண்டும் என்று கெஞ்சினார்.

"பழகுற வரைக்கும்னா வைக்கிறேன். ஆனா அவங்ககிட்ட நீங்களே சொல்லிடணும்" என்றாள் அக்கா.

பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினார். சொல்லவில்லை. பிரேக்கின் மேல் ஒரு துணிப்பையைப் போட்டு மறைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை வீட்டுக்குப் பின்புறத் தெருவில் ஓட்டிப் பார்த்தார்கள். எங்கோ தூரத்தில் ஒரு நாய் தெருவைக் கடந்தது. முப்பது வருஷம் தையல் மிஷினை மிதித்த கால், அவரைக் கேட்காமலே மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. அடுத்து ஒரு சைக்கிள். அப்புறம் ஒரு குப்பைத்தொட்டி. அது பாவம், நின்ற இடத்திலேயேதான் நின்றது.

நாலாவது குலுக்கலில் மனைவி வண்டியை ஓரங்கட்டினாள். கைப்பிடியைப் பிடித்திருந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கால் மட்டும்தான் போச்சுன்னு நெனச்சேன். கையும் என் பேச்சக் கேக்கல. ஆஸ்பத்திரிக்கு வரலன்னு சொல்லிடறேன்."

அவள் அழவில்லை. தையல்காரருக்கு ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. இனி எங்கும் போகமாட்டாள், பத்திரமாக வீட்டிலேயே இருப்பாள். மறு நொடியே, இப்படியும் ஒரு நிம்மதியா என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"உன் கை நல்லாத்தான் இருக்கு. நான்தான் மிதிச்சேன்" என்று பையை விலக்கிக் காட்டினார்.

அவள் எட்டிப் பார்த்தாள்.

"நாலு தடவையுமா?"

"அஞ்சு. ஒண்ணு ஒனக்குத் தெரியல."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இறங்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

இறங்கினார். கார் நகர்ந்து, தெருமுனையில் திரும்பி மறைந்தது. எங்கிருந்தோ ஒரு ஹாரன் சத்தம் வந்தது. அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள் ஓட்டத் தெரிந்தவள் என்பதில் அவருக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை. அவளை இன்னொரு தடவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்க்கத் தன்னால் ஆகாது, அவ்வளவுதான். அதை அவளிடம் சொல்லத் தெரியாமல்தான் இரும்பில் ஒரு பிரேக் போடவைத்திருந்தார்.

கார் தெருவின் மறுமுனையிலிருந்து வந்தது. ஒரு குலுக்கல் இல்லாமல், அவருக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது. அவள் முகமெல்லாம் வியர்வை. அழுதிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"ஏறுங்க" என்றாள். "பெல்ட்டப் போட்டுக்கிட்டு, சீட்டு மேலயே சம்மணம் போட்டு உக்காருங்க. திங்கக்கிழமை வரைக்கும் இந்தக் கால் ரெண்டும் கீழ வரக்கூடாது."