கொட்டாவி விட்ட மீன்

ஸ்டுடியோக்காரருக்குக் கை சும்மா இருக்காது. காலமெல்லாம் அடுத்தவர் தாடையைத் தூக்கி, தோளைத் திருப்பி, நெற்றி முடியை ஒதுக்கிப் பழகிய கை. கல்யாண மாப்பிள்ளையானாலும் சரி, பாஸ்போர்ட் படத்துக்கு வந்த பெரிய அதிகாரியானாலும் சரி, "கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று தொட்டு நகர்த்தாமல் அவர் படம் எடுத்ததே கிடையாது. அப்பேர்ப்பட்ட மனிதரைக் கடலுக்குள் இறக்கி, எதையும் தொடாதே என்றால் எப்படி?

அதனால்தான் மகள் படகிலேயே பிடித்துக்கொண்டாள். நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவள். அப்பாவைக் கடலுக்கடியில் முங்கும் ஸ்கூபா கற்றுக்கொள்ள வைத்து, இந்தத் தீவுக்கு இழுத்து வந்ததும் அவள்தான்.

"அப்பா, உள்ள போனா கேமரா மட்டும்தான். எதையும் தொடக்கூடாது. சரியா?"

"நான் என்ன குழந்தையா?"

"குழந்தைன்னா சொன்னா கேட்கும்."

படகில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான்.

கறுப்பு மணல் சரிவில் மஞ்சளாக ஒரு கடற்பஞ்சு நின்றது. அதன்மேல் அதே மஞ்சளில், உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு தவளைமீன். துடுப்புகளைக் காலாக ஊன்றிக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தது. கண்டுபிடித்தது மகள். அப்பாவின் தோளைத் தட்டிக் காட்டியபோது முகமூடிக்குள் அவள் கண்கள் அப்படி விரிந்திருந்தன. அவர் மளமளவென்று எடுத்துத் தள்ளினார். திரையில் பார்த்தால் மீனே இல்லை. மஞ்சளுக்குள் மஞ்சள் காணாமல் போயிருந்தது. இதைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது?

மகள் அந்தப் பக்கம் ஒரு இறாலைப் பார்க்கத் திரும்பினாள். மணலில் ஊன்றிக்கொள்ள என்று கொடுத்திருந்த கம்பி அவர் கையில் இருந்தது. கொஞ்சம் இந்தப் பக்கம், அவ்வளவுதான். மீன் பஞ்சிலிருந்து மணலில் விழுந்தது. ஒளிய இடமில்லாமல் தத்தித் தத்தி நடந்தது. பிறகு நின்று, வாயை ஆவென்று திறந்தது. கறுப்பு மணலில் மஞ்சள் மீன், முகமெல்லாம் வாய். அவர் விடாமல் எடுத்தார்.

நிமிர்ந்தபோது மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரமாகக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி, 'எல்லாம் சரிதானே' என்று கேட்டார். தண்ணீருக்குள் அதற்குப் பதில் காட்டியே ஆக வேண்டும். அவள் காட்டவில்லை. அந்த மீன் தட்டுத் தடுமாறிப் பஞ்சில் ஏறும்வரை பக்கத்திலேயே நின்றாள். அவருக்கு அப்போதே உடம்பு கூசியது. ஆனாலும் படத்தை அழிக்க மனசு வரவில்லை.

சாயங்காலம் தங்கியிருந்த விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் அன்றைய படங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். அது அங்கே வழக்கம். தவளைமீன் வந்ததும் கூடமே ஆர்ப்பரித்தது.

"ஐயோ, கொட்டாவி விடுது பாருங்க!"

"சார், இதை வாசல்ல மாட்டப் போறேன்" என்றார் அவர்களை முங்க அழைத்துப்போகும் விடுதி வழிகாட்டி.

பல் டாக்டரம்மா ஒருவர் மட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "மஞ்சள் மீன் கறுப்பு மணல்ல எதுக்கு வந்து உட்காருது? ஒளிஞ்சுக்கிறதுதானே அதுக்குப் பிழைப்பு?"

விஷமமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். வழிகாட்டி மகள் பக்கம் திரும்பினார். ஒருவர் படத்துக்கு, கூட முங்கினவர் சொல்வதுதான் சாட்சி. "நீங்கதானே கூட இருந்தீங்க? அது எங்க இருந்துச்சு?"

ஸ்டுடியோக்காரரும் மகளைப் பார்த்தார்.

"மணல்லதான் இருந்துச்சு" என்றாள் மகள். "நான்தான் முதல்ல பார்த்தேன்."

கைதட்டல் ஓயவே நேரமாயிற்று. முதுகில் தட்டியவர்களுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு அவர் வெளியே வந்தார். நனைந்த உடைகள் தொங்கிய கொடியருகே மகள் நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் நிற்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"பாப்பா, நான் உள்ள போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"என்னன்னு? நான் தள்ளிவிட்டேன், என் பொண்ணு பொய் சொன்னாள்னா?"

அந்த வழியும் அடைபட்டுவிட்டது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"வேணாம்பா. அது கொட்டாவியும் இல்ல. பயந்தா அப்படித்தான் வாயைத் திறக்கும். அதையும் சொல்ல வேணாம்."

"நீ ஏம்மா அப்படிச் சொன்னே? நடந்ததைச் சொல்லியிருக்கலாமே."

அவள் ஈரத் துணியின் ஓரத்தைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"சொல்லத்தான் வாயெடுத்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நீங்களும் பார்த்தீங்க. நீங்க யார்கிட்டயும் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததே இல்லப்பா."

உள்ளேயிருந்து யாரோ, "போட்டோ சார், எங்க போயிட்டீங்க?" என்று கூப்பிட்டார்கள்.

"போங்க" என்றாள் மகள். "தேடறாங்க."

அவர் போனார்.