அத்தை வீட்டுச் சத்தம்

தேங்காய் விழுந்திருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். என் தலையில் விழுந்தது காய்ந்த தென்னை மட்டை. துணி காயப்போடப் போனவள் அப்படியே சாய்ந்துவிட்டேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோப்புக்குள் வீடு கட்டியிருக்கிற எல்லோர் தலையிலும் என்றைக்காவது ஒரு மட்டை விழுந்திருக்கும். அவர்கள் தலையைத் தடவிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தவர்கள். அதனால் மூன்று மாதமாக இருட்டறையில் கிடக்கிற என்னைப் பார்க்க வருகிறவர்களுக்கு இரக்கத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம்.

பக்கத்துத் தோட்டத்து மருதாத்தாள் நேராகவே கேட்டுவிட்டாள். "ஏஞ்சாமி, ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களாமா. அப்பறம் என்னத்துக்கு இருட்டுக்குள்ளயே உக்காந்திருக்கற? எந்திரிச்சு நாலு வேலை செஞ்சீன்னா எல்லாஞ் சரியாப் போயிரும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நறுக்கென்று நாலு கேட்டிருப்பேன். கேட்க வேண்டிய வார்த்தைதான் வாயில் வரவில்லை. இப்போதெல்லாம் அப்படித்தான். கரண்டி கையிலேயே இருக்கும், கரண்டி என்கிற சொல் வராது. நான் யோசித்து முடிப்பதற்குள் மருதாத்தாள் காபி குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். "மூளை நல்லாக் குலுங்கியிருக்கு. சரியாகும், சமயம் எடுக்கும்" என்றார் பாலக்காட்டு டாக்டர். எவ்வளவு சமயம் என்று கேட்டதற்குச் சிரித்தார். வெயில் பட்டால் கண் கூசுகிறது. செல்போனைப் பார்த்தால் குமட்டுகிறது. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில், பெல்ட்டில் ஓடிவருகிற பாட்டில்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக் கீறல் கண்டுபிடிக்கிற வேலை எனக்கு. இப்போது ஒரு பஸ் கடந்து போனாலே தலை சுற்றுகிறது. எல்லாவற்றிலும் மோசம் சத்தம். ஒரு தட்டு கீழே விழுந்தால் அன்று முழுக்க வலி.

என் வீட்டுக்காரர் ராஜசேகர் நல்ல மனிதர். அதுதான் வினையே. குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டார். மிக்சி ஓடுவதில்லை, டிவி ஓடுவதில்லை, இட்லி மாவு கடையிலிருந்து வருகிறது. கதவுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். ஆறு வயது கௌசிகாவை மடியில் உட்காரவைத்து ஒன்று சொல்லிக்கொடுத்தார். "அம்மாவுக்கு மண்டைக்குள்ள புண்ணு கண்ணு. நீ சத்தம் போட்டீன்னா ஆறாது."

பிள்ளை நன்றாகவே கற்றுக்கொண்டது. முன்பெல்லாம் என் மகளின் வாயை மூடவைக்க ஆளே கிடையாது. சுவரில் இருக்கிற பல்லியிடம்கூடக் கதை கேட்பாள். இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்தால் குதிகால் தரையில் படாமல் நடக்கிறாள். தண்ணீர் வேண்டுமென்றால் சைகை காட்டுகிறாள். இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்று உதட்டை மட்டும் அசைக்கிறாள். உடனே என் நாத்தனார் சித்ரா வீட்டுக்குப் போய்விடுகிறாள். இருட்டியதும் அப்பாவோடு வந்து அப்பாவோடு படுக்கிறாள். இதை நினைத்தால் அழுகை வருகிறது, அழுதால் தலை வலிக்கிறது. ஆசை தீர அழக்கூட எனக்கு வக்கில்லை.

"ஏனுங்க, அவளை என்கூடப் பேசச் சொல்லுங்க" என்றேன் அவரிடம்.

"முதல்ல நீ தேறு பிரியா. பேசறதுக்கு எத்தனை வருஷம் கிடக்குது" என்றார்.

வருஷம் கிடக்கும். ஆறு வயது அதுவரைக்கும் கிடக்குமா? அது அந்த நல்ல மனிதருக்குத் தோன்றவில்லை.

நேற்றுச் சாயங்காலம் மனசு கேட்கவில்லை. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு சித்ரா வீட்டுக்கு நடந்தேன். இரண்டு தோப்பு தள்ளித்தான். வாய்க்கால் மேட்டில் கிறுகிறுத்துவிட்டது. ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மேலே காய்ந்த மட்டை ஏதும் தொங்கவில்லையே என்று பார்த்துவிட்டுத்தான்.

அங்கே நிற்கும்போதே கேட்டது. "டீச்சர் சொன்னாக் கேக்கோணும். நீ எதுக்கு எந்திரிச்ச? கையை நீட்டு." என் பிள்ளைதான், தொண்டை கிழிய அதட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு பாட்டு, அப்புறம் ஒரு சண்டை, கெக்கெக்கே என்று சிரிப்பு. ஒவ்வொன்றும் மண்டைக்குள் போய் இடித்தது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே வலித்தது. ஆனாலும் மட்டை விழுந்ததற்குப் பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. கிட்டப் போய்க் கேட்க வேண்டும்போல இருந்தது.

வாசலுக்குள் நுழைந்தேன். கௌசிகா என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"எங்கம்மா வந்துருச்சு. யாரும் சத்தம் போடாதீங்க."

சித்ராவின் பிள்ளைகள் இரண்டும் அப்படியே நின்றன. உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவியைச் சித்ரா அணைத்தாள்.

"போடு கண்ணு. அம்மா அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"தலை வலிக்குமில்ல?" கிசுகிசுப்பாகக் கேட்டாள்.

"வலிக்கும். வலிச்சாப் பரவால்ல. நம்மூட்டுலயும் நீ இப்படியே பேசு."

அவள் அப்பா செய்வதுபோலவே என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"வேண்டாம்மா. பேசோணும்னா நான் இங்க வந்து பேசிக்கறேன். நீ போய்ப் படுத்துக்க."

சித்ரா காபி கொண்டுவந்து சத்தம் வராமல் பக்கத்தில் வைத்தாள். நான் படியில் உட்கார்ந்து, "நீங்க விளையாடுங்க சாமி" என்றேன். மூன்று பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்தன. நான் எழுந்து போவதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. இப்போது எனக்கு எதுவுமே மெதுவாகத்தான் புரிகிறது.

காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன். வாய்க்கால் மேடு வரைக்கும் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. நான் திரும்பி மறைந்ததும் ஆரம்பித்தது. கௌசிகாவின் குரல்தான் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது. எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தேன்.