ஜெர்மேனின் செல்லாத ஓட்டு

போன வாரம் எங்கள் பிரான்சின் முன்னாள் ஜனாதிபதி மித்தரான் செத்துப்போனார். அன்றிலிருந்து டி.வி.யில் வேறு பேச்சே இல்லை. அறுபது வயதிலேயே ஓய்வூதியம் கொடுத்தார், ஐந்தாவது வார விடுமுறை கொடுத்தார், மரண தண்டனையை ஒழித்தார் என்று அவர் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். மரண தண்டனை என்ற சொல் வந்ததும் என் கணவர் லூசியான் விறகு எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய்விடுவார். அடுப்புக்குப் பக்கத்தில் விறகு மலையாகக் குவிந்து கிடக்கும். நான் எழுந்திருக்க மாட்டேன். முழுவதையும் கேட்பேன். இந்த ஊரில் அதைக் கேட்க என்னைவிட உரிமை உள்ளவள் யார்?

எங்கள் மகன் திதியே போலீஸ்காரன். இருபத்து நாலு வயதில், சாலையில் வண்டிகளை நிறுத்திச் சோதனை செய்துகொண்டிருந்தபோது சுடப்பட்டுச் செத்தான். சுட்டவன் எங்கள் தெருக்காரன். பன்றி இறைச்சிக் கடை வைத்திருந்த விதவை ஜெர்மேனின் ஒரே மகன், பத்ரிஸ். பெட்ரோல் பங்கில் கொள்ளையடித்துவிட்டு வந்துகொண்டிருந்தான். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். இருட்டில் யாரென்று தெரியவில்லை என்று கோர்ட்டில் அழுதான். தெரிந்திருந்தால் சுட்டிருக்க மாட்டானாம். வேறு யாராவது பெற்ற பிள்ளை என்றால் பரவாயில்லை போலிருக்கிறது.

எண்பத்தொன்றில், தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, அவன் தலையை கில்லட்டின் கத்தியால் வெட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மகன் செத்த பிறகு அன்று இரவுதான் நான் ஒழுங்காகத் தூங்கினேன். சந்தோஷம் ஒன்றும் இல்லை. மூச்சு விட முடிந்தது, அவ்வளவுதான்.

அந்த மூச்சும் நிலைக்கவில்லை. தேர்தலில் நின்ற மித்தரான் டி.வி.யில் வந்து, நாட்டில் பெரும்பாலோர் வேறு மாதிரி நினைத்தாலும் மரண தண்டனையை என் மனசாட்சி ஏற்கவில்லை என்றார். நாங்கள் சூப் குடித்துக்கொண்டிருந்தோம். லூசியான் கரண்டியை அப்படியே வைத்துவிட்டார்.

லூசியானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில்வேயில் வேலை பார்த்தவர், ஊர் மேயர், மித்தரானின் கட்சியில் ஊறிப்போனவர். எங்கள் மொர்வான் மலைப்பக்கம் மித்தரானின் சொந்தத் தொகுதி மாதிரி. அறுபத்தைந்தில் அவர் தோற்றபோது லூசியான் குடித்துவிட்டு வந்தார். எழுபத்து நாலில் மயிரிழையில் தோற்றபோது குடிக்கக்கூட இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கட்சி போஸ்டர் ஒட்ட, பசை வாளியோடு இந்த மனிதர் சுவர் சுவராக அலைந்த அலைச்சலுக்கு ஒரு தோட்டமே போட்டிருக்கலாம்.

"இந்த ஆளுக்கா ஓட்டுப் போடப் போற?" என்று கேட்டேன்.

"இவெத், இப்ப வேணாம்."

"இப்ப பேசாம எப்ப பேசுறது? உன் பையனைக் கொன்னவன் தலை தப்பட்டும்னு உன் கையாலயே சீட்டுப் போடுவியா?"

"அவர் சொல்றதைத்தானே நானும் காலம் பூரா சொல்லிட்டிருந்தேன். ஊரான் பிள்ளை செத்தப்போ ஒரு நியாயம், என் பிள்ளை செத்தா ஒரு நியாயமா?"

"அப்படியா? அந்த நியாயத்தையே பக்கத்துல போட்டுப் படுத்துக்கோ."

அன்றைக்கே என் தலையணையை எடுத்துக்கொண்டு திதியேயின் அறைக்குப் போய்விட்டேன். மித்தரானை எதிர்த்து நின்ற, அப்போது பதவியில் இருந்த ஜனாதிபதியும் கத்தியைக் கண்டு முகம் சுளிக்கிறவர்தான் என்றார்கள். ஆனால் அவர் காலத்தில் கத்தி விழத்தான் செய்தது. எனக்கு அது போதும். அவருக்குத்தான் என் ஓட்டு என்று லூசியான் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

அவர்கள் இருவர் மட்டும் மோதும் இரண்டாவது சுற்று ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள், சமையலறைக் கதவைத் தட்டிக்கொண்டு ஜெர்மேன் வந்து நின்றாள். சிவப்புக் கட்சிக்காரன் என்றால் அவளுக்குச் சாத்தான். எங்கள் வீட்டுக்கென்று இறைச்சி கேட்டால் வேண்டுமென்றே வெறும் கொழுப்பாகப் பார்த்து வெட்டிக் கொடுப்பாள். அப்பேர்ப்பட்டவள் அந்த வாரம் முழுக்க வீடு வீடாகப் போய், மித்தரானுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கடை மூடிக் கிடந்தது. கொலைகாரன் வீட்டு இறைச்சியை யார் வாங்குவார்கள்?

"லூசியான் இல்லையா?"

"இல்ல. என்ன வேணும்?"

"உன்கிட்ட கேக்க எனக்கு வாய் இல்லடி."

"வாய் இல்லேன்னா கேக்காத."

அவள் போகவில்லை. "உங்க ஆளுக்குத்தான் போடப் போறேன். எங்கப்பா இருந்திருந்தா வீட்டை விட்டே துரத்தியிருப்பாரு. ஆனா இவெத், அவர் ஜெயிச்சாலும், இந்த மூலையில எம்பையன் ஒருத்தன் இருக்கான்னு அவருக்கு எப்படித் தெரியும்? யாரு போய்ச் சொல்லுவா?"

"என்னைக் கேட்டா? அவரையே கேட்டுக்கோ."

குத்தலாகத்தான் சொன்னேன். ஆனால் அவள் ஏதோ வழி கிடைத்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மேயர் அலுவலகக் கூடத்தில் ஓட்டுப்பதிவு. லூசியான் தலைமை. எதிர்த்தரப்புக்கு மாட்டு டாக்டர் பெர்லியே. வாக்காளர் பட்டியலில் பெயர்களைக் குறிப்பது பல தேர்தல்களாக என் வேலை. இந்தத் தடவை நீ வேண்டாமே என்றார்கள். முடியாது, நான்தான் உட்காருவேன் என்றேன். ஒவ்வொருத்தனும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்குப் போக வேண்டும்.

எங்கள் ஊரில் யார் எந்தக் கட்சி என்பது நாய்க்குக்கூடத் தெரியும். இருந்தாலும் எல்லோரும் இரண்டு வேட்பாளர் சீட்டையும் எடுத்துக்கொண்டுதான் திரைக்குப் பின்னால் போவார்கள். அங்கே ஒன்றை உறையில் போட்டுவிட்டு மற்றதைக் கசக்கி எறிவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். மித்தரான் பெயரைக் கொஞ்சம் அதிகமாகவே கசக்கினேன். "இவெத் மிலோ வாக்களித்தார்!" என்று லூசியான் உரக்கச் சொன்னார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஜெர்மேன் திரைக்குப் பின்னால் போனவள் வெளியே வரவே இல்லை. "என்ன, உள்ள பன்றி வெட்டுறாளா?" என்றான் வரிசையில் நின்ற ஒருவன். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் உறையை மார்போடு அழுத்திக்கொண்டு வந்து பெட்டியில் போட்டாள்.

சாயங்காலம் பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். எண்ணுவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கூடம் நிறைந்திருந்தது. ஜெர்மேன் பின்சுவரில் சாய்ந்து நின்றாள். பெர்லியே ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் பெயரைப் படித்துக்கொண்டே வந்தார். திடீரென்று நிறுத்திவிட்டு, ஒரு சீட்டை லூசியான் பக்கம் தள்ளினார்.

மித்தரான் என்று அச்சடித்த பெயருக்குக் கீழே நீல மையில் எழுதியிருந்தது: 'ஐயா, பத்ரிஸ் என் ஒரே பிள்ளை. கொன்றது நிஜம். நீங்கள் அவனைக் கொன்றுவிடாதீர்கள். ஜெர்மேன்.'

சீட்டில் ஒரு புள்ளி வைத்தாலே ஓட்டுச் செல்லாது. இந்த ஊரில் அதை அறியாதவர்கள் இல்லை. ஜெர்மேனுக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் ஓட்டா போட்டாள்? மனு போட்டிருக்கிறாள்.

"லூசியான், நான் எதையும் பாக்கல. எண்ணிடு," என்றார் பெர்லியே மெதுவாக. வாழ்நாள் முழுக்க மித்தரானைத் திட்டியவர் அவர்.

"எழுத்து இருக்கு. செல்லாது."

"உங்க ஆளுக்கு விழுந்த ஓட்டுய்யா!"

"அதனாலதான் சொல்றேன். தனியா வை."

பின்னாலிருந்து ஜெர்மேனின் குரல் வந்தது. "எதுக்கு அதை மட்டும் தனியா வைக்கிறீங்க?"

லூசியான் எழுந்து நின்று காரணத்தைச் சொன்னார்.

"அப்போ எம்பையனுக்கு என் ஓட்டே இல்லையா?" என்றாள். "ஊரெல்லாம் கெஞ்சினேனே. என்னோடது ஒண்ணைத்தான் நானே கெடுத்துட்டேனா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். திதியே செத்த செய்தியோடு அதிகாரி வீட்டுக்கு வந்தபோது, காலையில் அவன் கம்பளிச் சட்டையை மறந்துவிட்டுப் போனதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்ததும் இதே குரல்தான். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. இந்தக் குரலை அவள் எப்படி எடுத்துக்கொள்ளலாம்?

செல்லாத சீட்டைக் குப்பையில் போட மாட்டார்கள். மேஜையில் இருப்பவர்கள் எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டு, அறிக்கையோடு சேர்த்து மாவட்டத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். லூசியான் போட்டார், பெர்லியே போட்டார். சீட்டு என்னிடம் வந்தது. ஜெர்மேனின் எழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. கொலைகாரனை விட்டுவிடச் சொல்லும் மனுவில், செத்தவனின் தாய் கையெழுத்து! பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

லூசியான் என் பக்கம் குனிந்தார். "இது வெறும் நடைமுறைதான் இவெத். நீ போட மாட்டேன்னா அதையும் எழுதி அனுப்பிடலாம். யாரும் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"மேல போகுமா?"

"போகும்."

"யாராவது படிப்பாங்களா?"

"படிக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன்."

"ஜெர்மேன், இங்க வாடி," என்றேன். கூட்டம் விலகி வழிவிட்டது. வந்து என் எதிரே நின்றாள். "நான் மன்னிக்கல. கேட்டுதா? சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்."

"சரி," என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். இவெத் மிலோ என்று எழுதி, அதோடு விடாமல் 'திதியேயின் அம்மா' என்றும் எழுதினேன். அழுத்திய அழுத்தில் பேனா தாளைக் கிழித்தது. ஏன் எழுதினாய் என்று பலர் கேட்டுவிட்டார்கள். இரக்கம் என்றார் பாதிரியார். இரக்கமாவது! அவள் பிள்ளையின் பெயர் மட்டும் மேலே போக, என் பிள்ளையின் பெயர் இங்கேயே மண்ணுக்குள் கிடக்க வேண்டுமா?

எட்டு மணிக்கு டி.வி.யில் மித்தரானின் முகம் தெரிந்தது. சதுக்கத்தில் கார் ஹாரன்களும் அக்கார்டியனும் ஊரை இரண்டாக்கின. மேயரைக் கூப்பிட்டு வாசலில் ஆட்கள் கத்தினார்கள். லூசியான் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்.

"போ. போய் ஆடு. இத்தனை வருஷம் இதுக்குத்தானே காத்துக் கிடந்த?"

"ஜெயிச்சுட்டோம் இவெத்," என்றார். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "ஜெயிச்சுட்டோம், ஜெயிச்சுட்டோம்" என்று இழவு வீட்டில் அழுகிற மாதிரி அழுதார். நான் அவரைத் தொடவில்லை. எனக்கு மனம் வரவில்லை.

புது ஜனாதிபதியின் மன்னிப்பால் பத்ரிஸின் தண்டனை ஆயுள் சிறையாக மாறியது. இலையுதிர்காலத்தில் பாராளுமன்றம் கத்தியையே ஒழித்துக்கட்டியது. அப்புறம் அதே அரசாங்கத்தின் சிக்கன நடவடிக்கைகள் வந்தன, ஆலைகள் மூடின. இதுக்கா பசை வாளி தூக்கினேன் என்று லூசியான் கட்சிக்காரர்களோடு சண்டை போட்டார். ஆனால் அந்த ஒரு சட்டத்தைப் பற்றி மட்டும் இன்றுவரை வாய் திறந்ததில்லை.

நேற்று சதுக்கத்தில் மித்தரான் படத்துக்கு ரோஜா வைத்தார்கள். ஜெர்மேனும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒரு ரோஜாவோடு வந்தாள். வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அடுத்த வருஷம் விட்டுடுவாங்களாம்," என்றாள். "தலையெல்லாம் நரைச்சுப் போச்சு அவனுக்கு."

"எம்பையனுக்கு இன்னும் இருபத்து நாலுதான்," என்றேன்.

அவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

பத்ரிஸ் வருவான். தினம் காலையில் ரொட்டி வாங்க என் ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். திதியேக்கு நரைத்தால் எப்படி இருந்திருக்கும் என்று அந்தத் தலையைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜன்னலைச் சாத்திக்கொள் என்கிறார் லூசியான். எப்படிச் சாத்துவது? அந்தச் சீட்டில் நானும்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.