ஆளுயர மெழுகுதிரி

கைப்பையின் சிப்பை அன்ரனெற் மூன்றாவது தடவையாக இழுத்து மூடினாள். உள்ளே நூல் இருந்தது. வெள்ளைத் தையல் நூல்தான், பழைய பிறந்தநாள் அட்டை ஒன்றை மடித்து அதில் சுற்றியிருந்தாள். பையை மூடி மடியில் வைத்துக் கையையும் மேலே வைத்த பிறகும், அது எல்லோருக்கும் தெரிகிறது என்றே அவளுக்குப் பட்டது.

எதிரே சவப்பெட்டிக்குள் அவள் புருசன் நீக்கிலாஸ். மகள் மெலனியின் பட்டமளிப்புக்கு வாங்கிய நீலக் கோட்டுப் போட்டிருந்தார்கள். விரல்களில் செபமாலை. மத்தியானத்திலிருந்து அஜக்ஸ் நகரத்துத் தமிழ்ச் சனம் முழுக்க மலர்ச்சாலைக்கு வந்து போகிறது. வந்தவர்கள் ஒருவர் விடாமல், "நித்திரை கொள்ளுற மாதிரியே கிடக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இருபத்தேழு வருடத்தில் இந்த மனுசன் இப்படி நித்திரை கொண்டதே கிடையாது. முழங்காலை நெஞ்சுவரை மடக்கி, போர்வையை உருட்டிக் கக்கத்துக்குள் வைத்து, கட்டிலில் முக்கால் பங்கைப் பிடித்துக்கொண்டுதான் படுப்பார். அவளுக்குக் கிடைப்பது விளிம்புதான். ஒரேயொரு தடவை மட்டும், போன திங்கட்கிழமை, இதேபோல நேராகக் கிடந்தார்.

வியாழன் காலை பிறம்ரன் வெயர்ஹவுஸில் இரவு வேலை முடித்து, காரில் ஏறி, பெல்ற்றையும் போட்டிருக்கிறார். என்ஜின் ஓடியபடி இருந்ததாம். பக்கத்தில் கார் எடுக்க வந்தவன்தான் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான். ஐம்பத்தெட்டு வயது. இதயம் என்றார் டொக்டர், வேதனையே இருந்திருக்காது என்றும் சொன்னார். மற்றவர்களுக்கு அந்த விளக்கம் போதுமாக இருந்தது. அன்ரனெற்றுக்கு மட்டும் வேறொரு காரணம் தெரியும். அவள்தானே கேட்டாள்.

"நெற்றா."

எமில்டா வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள். ஸ்காபுரோவில் தன் வீட்டு பேஸ்மென்ரில் நேர்த்திக்கடனுக்கு மெழுகுதிரி வார்ப்பவள். கை வலிக்குக் கை உருவம், பிள்ளை வரத்துக்குத் தொட்டில், ஆளின் உயிருக்கு, நூலால் அளந்து ஆளுயர மெழுகுதிரி. துக்கம் விசாரித்து, கண்ணைத் துடைத்து, மூக்கை உறிஞ்சி முடித்தபின் குரலைத் தாழ்த்தினாள்.

"உதைக் கேக்கிற நேரமில்லைத்தான். திங்கக்கிழமை ஃபோனில சொன்னனீயெல்லோ, ஆளுயரத் திரி ஒண்டு வேணும், நூலால அளந்திட்டன் எண்டு?"

"ஓம்."

"ஆருக்கெண்டு கேக்க மாட்டன். கிடைக்க முதல் சொல்லப்படாது. ஆனால் நேர்த்தியைக் கடத்தாத பிள்ளை. வீட்டில ஒரு சாவு விழுந்திருக்கு, அந்தோனியாருக்குக் கடனும் வைக்கப்படாது. கேட்டது கிடைச்சுதோ?"

கிடைத்தது என்றால், இந்தப் பெட்டிக்கு நன்றி சொல்லித் திரி கொளுத்துவதாக ஆகிவிடும். கிடைக்கவில்லை என்றால் பொய். அந்தோனியாரிடம் பொய் சொல்லிவிட்டு மெலனியை எப்படி வெளியே அனுப்புவது? அவள் தினமும் ஹைவே 401-இல் கார் ஓடுகிறவள்.

"படுத்துக் கிடக்கிற ஆளையோ அளந்தனீ?" எமில்டா விடவில்லை. "அப்பிடியெண்டால் எனக்குச் சொல்லு. படுத்த ஆக்கள் காலை மடக்கிப்போடுவினம், நூலில ஒரு சாண் குறையும். நான் கூட்டித்தான் வாக்கிறனான்."

"பிறகு சொல்லுறன், எமில்டா."

எமில்டா தோளைத் தட்டிவிட்டுக் கோப்பி இருக்கும் பக்கம் போனாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஸ்னோமொபீல். நாலு வருடத்துக்கு முன்னர், கூட வேலை செய்யும் கிறிஸ்துநாயகம் அவரை வடக்கே ஒரு காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பனி வண்டியில் ஏற்றிவிட்டான். முகமெல்லாம் சிவந்து, மூக்கால் தண்ணி ஓட, சிரித்தபடி வந்து நின்றார். "நெற்றா, இருபத்தாறு வருசமா 401-ல நிண்டு நிண்டு போறன். உது நிக்காது. அப்பிடியே போகுது."

ஜூஸ் மெஷின், மீன்தொட்டி போல இதுவும் ஆறு மாதத்தில் கராஜுக்குள் போய்விடும் என்று அவள் விட்டுவிட்டாள். இது போகவில்லை. இங்கே உள்ளது பனி மட்டும்தான், உண்மையான ஓட்டத்துக்கு மலை வேண்டும் என்று தொடங்கினார். வேலையை விட்டதும் வீட்டை விற்றுவிட்டு பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மலையூரில் குடியிருப்பது என்று முடிவே கட்டிவிட்டார். ஊரில் உள்ளவர்கள் பள்ளிக்கூடம் பார்த்தும் சொந்தக்காரரைப் பார்த்தும் இடம் மாறுவார்கள். இவர் எந்த ஊரில் எத்தனை அடி பனி கொட்டும், வீட்டு வாசலிலிருந்தே வண்டியை எடுக்கலாமா என்று பார்த்து இடம் தேடினார். மூன்று குளிர்காலம் சாப்பாட்டு மேசையில் மலைப்படம் விரிந்து கிடந்தது. ரெவல்ஸ்ரோக் என்பார், அடுத்த கிழமை ஃபேர்னி என்பார். கடைசியில் ஒரு நாள், "கோல்டன்தான்" என்றார்.

"ஆற்ர கடை?" என்று கேட்டாள் அன்ரனெற். ஜெராட் வீதியில் புதிதாகத் திறந்த நகைக்கடை என்று நினைத்துவிட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கோல்டன் ஒரு ஊர். அங்கே ஸ்டெபனி என்ற வெள்ளைக்காரியின் வீட்டுக் கீழ்ப்பகுதி வாடகைக்கு இருக்கிறது, மாசி முதலாம் கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவது, சரியென்றால் கோடைக்குள் குடிபோவது.

அதற்குப் பிறகு அவளுக்கு நித்திரை போய்விட்டது. மலையிலிருந்து பனி இடிந்து விழும் வீடியோக்களை வேலை இடத்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தாள். பார்க்கக்கூடாது என்று வைராக்கியம் எடுத்துவிட்டு மறுபடி பார்த்தாள். முதலில் ஒரு கோடு விழும். பிறகு மலையின் பாதித் தோல் உரிந்து இறங்கும். கீழே மனிதர்கள் எறும்பு அளவில் நிற்பார்கள்.

அவர் அதற்கும் ஆயத்தமாக இருந்தார். கையளவு செம்மஞ்சள் பெட்டிகள் இரண்டு வாங்கிவந்தார். ஒன்று பனிக்குள் புதைந்தவரின் நெஞ்சில் இருந்து சத்தம் அனுப்புமாம், மற்றது மேலே நிற்பவரின் கையில் இருந்து அதைத் தேடுமாம். ஒரு சனிக்கிழமை ஒன்றை எங்கோ ஒளித்துவிட்டு மற்றதை அவள் கையில் தந்தார்.

"நான் புதைஞ்சுபோனால் நீதான் தேடோணும். பதினைஞ்சு நிமிசம்தான் இருக்கு. ஓடு!"

விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் அறை அறையாக நடந்தாள். பீப், பீப் என்று மெதுவாகக் கத்திய பெட்டி, குசினிக்குள் வந்ததும் அலறத் தொடங்கியது. அரிசி வாளிக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினாள். குளிர்ந்த அரிசி. விரலில் பெட்டி தட்டுப்பட்டபோது அவள் தரையிலேயே இருந்துவிட்டாள். அவர் கதவடியில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். அந்த வாளி அரிசியை அதற்குப் பிறகு அவள் உலையில் போடவில்லை.

அடுத்த நாள் பூசையில் அந்தோனியாருக்கு முன்னால் முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டாள். "அந்தோனியாரே, இவர் அந்த மலைக்குப் போகாமல் மறிச்சுப்போடும். எப்பிடியெண்டாலும் சரி. ஆளுயரத்துக்குத் திரி கொளுத்துறன்."

எப்படியென்றாலும் சரி. யார் அவளை அப்படிச் சொல்லச் சொன்னது?

திங்கட்கிழமை அவளுக்குப் பின்னேர வேலை. காலை பதினொரு மணிக்கு, இரவு வேலை முடித்துவந்த அவர் திரைச்சீலை இழுத்த அறையில் படுத்திருந்தபோது நூலோடு உள்ளே போனாள். எப்போதும் சுருண்டு கிடக்கும் மனுசன் அன்று மல்லாந்து, காலை நீட்டி, கையை உடம்போடு ஒட்டிக் கிடந்தார். அளக்க வசதிதான். ஆனாலும் அந்தக் கிடை அவளுக்குப் பிடிக்கவில்லை. நூலைப் பிடித்த கை தந்தியடித்தது. உச்சந்தலையிலிருந்து குதிக்கால்வரை அளந்து முடிச்சுப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள். இப்போது யோசித்தால், அவள் அன்று அளந்தது திரிக்கே இல்லை. இந்தப் பெட்டிக்கு.

கைப்பைக்குள் ஏதோ அதிர்ந்தது.

நீக்கிலாஸின் ஃபோன். பொலிஸ்காரர் தந்த நாளிலிருந்து அதை அவள்தான் வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தாள். 'ஸ்டெபனி கோல்டன்' என்று இருந்தது. அந்த மலையே கூப்பிடுகிறது என்று அவளுக்குப் பட்டது.

"மெலனி, இதை எடு. எனக்கு ஏலாது."

மகள் ஃபோனோடு குளிர்ச்சட்டைகள் தொங்கும் ஒடுக்கமான இடத்துக்குப் போனாள். அன்ரனெற்றும் பின்னால் போய்ச் சுவரோடு நின்றாள். மெலனி ஆங்கிலத்தில் மெல்லிய குரலில் சொன்னாள், அப்பா இறந்துவிட்டார் என்று. அடுத்து நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். இடையில் ஒருதடவை அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். கதைத்து முடித்தபோது கண்மை கன்னத்தில் இறங்கியிருந்தது.

"என்னவாம்? அவர் வரேல்லை எண்டு ஏசுறாவோ?"

"இல்லை அம்மா. அப்பா வரமாட்டார் எண்டு அவவுக்கு ஓல்ரெடி தெரியும். செவ்வாய்க்கிழமை கோல் பண்ணி எல்லாத்தையும் கான்சல் பண்ணிட்டாராம். வீடு இன்னும் சும்மா கிடக்காம், மனம் மாறினவரோ எண்டு கேக்கத்தான் எடுத்தவ."

"செவ்வாய்க்கிழமையோ?"

"ஓம். அம்மா, அப்பாவை நீங்கள் நூல் வச்சு அளந்தனீங்களா? வாட் இஸ் தற்?"

அன்ரனெற் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஸ்டெபனிக்கு அப்பா சொன்னவராம். 'மை வைஃப் மெஷர்ட் மீ' எண்டு. அவர் நித்திரை இல்லையாம், அம்மா. நீங்கள் நூலோட கதவைத் திறக்கேக்கையே கண்டிட்டாராம். உங்கட கை நடுங்கினதாம். சுருண்டு கிடந்தால் அளவு பிழைச்சு, நீங்கள் திரும்பத் திரும்ப அளப்பீங்கள் எண்டு, காலை நீட்டிக்கொண்டு மூச்சைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தாராம்." மெலனி கன்னத்தைத் துடைத்தாள். "எங்கட ஆக்கள் நூலால அளந்தால் அது பகிடியில்லையாம். அவ்வளவு பயத்தோட இருக்கிற மனுசியைக் கூட்டிக்கொண்டு ஒரு மலையிலயும் இருக்கேலாதாம். உங்கள் ரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமைதானே லீவு, அண்டைக்குச் சொல்லுவன் எண்டாராம்."

இன்றைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை.

அன்ரனெற்றுக்கு அழுகை வந்தது. மூன்று நாளாகப் பயத்துக்குப் பின்னால் நின்ற அழுகை. யாருடையதோ தெரியாத ஒரு குளிர்ச்சட்டையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அந்த மனுசன் நாலு வருட ஆசையை விட்டுக்கொடுத்துவிட்டு, வாயே திறக்காமல் செவ்வாயும் புதனும் வேலைக்குப் போயிருக்கிறார். புதன் பின்னேரம், அவள் வேலையால் வர அவர் போக, வாசலில் கண்டுகொண்டார்கள். "சோறு போட்டு வச்சிருக்கிறன், சூடாக்கிச் சாப்பிடு" என்றார். கடைசியாகக் கதைத்தது அதுதான்.

"அவ உங்களைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தவ," என்றாள் மெலனி. "அப்பா அவவிட்டக் கேட்டதெல்லாம் உங்களுக்காகவாம். ஆஸ்பத்திரி எத்தினை நிமிசம், சேர்ச்சுக்கு நடந்து போகலாமோ, வாசல் றோட்டு சறுக்குமோ எண்டு. கோல்டனில ஸ்னோ மற்ற ஊர்களைவிடக் குறைவு எண்டு அவவே சொன்னாவாம். பரவாயில்லை எண்டிட்டாராம்."

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது செபத்துக்கு ஆயத்தம் நடந்தது. அன்ரனெற் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நேராகக் கிடந்தார். அதே கிடை, நீட்டிய கால், உடம்போடு ஒட்டிய கை. இத்தனை நேரம் அதைப் பார்க்கவே அஞ்சியவள் இப்போது இமைகளைப் பார்த்தாள், அடியில் சற்றே அசைகிறதா என்று. கோட்டுக் கொலரை இழுத்துச் சரி செய்தாள்.

பயம் முழுவதும் போகவில்லை. செவ்வாய்க்கிழமையே மறித்தாயிற்று என்றால் வியாழக்கிழமை எதற்கு? அதை அவள் யாரிடமும் கேட்க முடியாது. அந்தோனியாரிடமும் கேட்கமாட்டாள்.

எமில்டா கோப்பிக் கோப்பையைக் குப்பைக்குள் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"கிடைச்சது, எமில்டா," என்றாள் அன்ரனெற்.

"என்ன?"

"கேட்டனீயெல்லோ. நான் கேட்டது கிடைச்சது."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை."

"அந்தோனியாரின்ர நாள்," என்று எமில்டா சிலுவை போட்டுக்கொண்டாள். "அப்ப திரியை வாத்துப்போடலாம். நூலைத் தா."

அன்ரனெற் சிப்பைத் திறந்தாள். அட்டையை எடுத்து நீட்டினாள். எமில்டா நூலின் நுனியை விரலில் பிடித்து, முழம் போட்டுப் பார்த்தபடி மறுபடி சுற்றத் தொடங்கினாள்.

"ஐஞ்சடி எட்டு வரும்போலக் கிடக்கு. ஒரு சாண் கூட்டி வாக்கட்டோ? படுத்த ஆள் எண்டால் கால் மடங்கியிருக்கும்."

"வேண்டாம். குறையேல்லை," என்றாள் அன்ரனெற். "நேராத்தான் கிடந்தவர்."

எமில்டாவின் கை நின்றது. பெட்டியின் பக்கம் ஒருதரம் பார்த்தாள், அன்ரனெற்றைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, மிச்ச நூலை இழுக்காமல், மெதுவாகச் சுற்றினாள்.