நீல வாளிக்குள் ஒரு கலப்பினம்

கையாட்டிக்கொண்டிருக்கிறது அது, விடுதி மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பிடி உடைந்த நீல வாளிக்குள் நின்று, யாரையோ ரயிலேற்றிவிட வந்ததுபோல, மெலிந்த விரல்களாய் விரிந்த இலைகளால், பதில் சொல்லாத எதனோடும் நான் பேசியதில்லை, கடவுள் உட்பட, மனித இனத்தில் இந்தத் தகுதி எனக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது என்று ஜெபினிடம் அறிவிக்கிறேன், அவன் அதைக் காதில் வாங்காமல் வாளியருகே குனிந்து, தண்ணி குடிச்சியா மக்கா என்று செடியிடம் கேட்கிறான், ஜெபின் நாகர்கோவில்காரன், தாவரவியல் வகுப்பில் எனக்குப் பக்கத்து இருக்கை, அறையில் பக்கத்துக் கட்டில், பீடிப் புகை பட்டாலே இருமுகிறவன், யாரோ கொடுத்த விதை முளைக்குமா என்பதைத் தவிர வேறெதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை, லேய், இது சும்மா கஞ்சா இல்ல, கலப்பினமாக்கும், அம்மை இமயமலைக்காரி, குள்ளம், அப்பன் இடுக்கி, நெட்டை, இவளுக்கு அம்மைக்க உயரம், அப்பனுக்க விரலு, இலையைக் கசக்கினா மொதல்ல எலுமிச்சைத் தோலு, பொறவு டீசல், இழுத்தா மொதல்ல சிரிப்பு, பொறவு பசி, கடைசியில ஒடம்பு மணல்மூட்டை, முறை மாறாது, நீ இழுத்தியாடா என்கிறேன், இல்ல, வாசிச்சதுதான், பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட சொல்ற மாதிரியே சொல்றியேடா, கலப்பு மணத்துல பொறந்ததுன்னு மட்டும் வெளியே சொல்லாத, வெட்டிருவாங்க.

எங்கள் துறையில் வேர்விட்டது எதுவானாலும் ஒரு அட்டை குத்தவேண்டும், இனம், தாய், தந்தை, வளர்ப்பவரின் பதிவெண், மூன்று வருடத்தில் அது கைக்கே பழகிப்போய்விடும், அவன் கை அந்த வாளியிலும் குத்தியிருந்தது, அழகான கையெழுத்தில், தொட்டியைப் பார்க்க மாடியேறிய வார்டன் அதை நிதானமாகப் படித்தார், கஞ்சாச் செடிக்குத் தன் பதிவெண்ணைத் தந்த முதல் குற்றவாளி என்று விடுதியே சிரித்தது, நானும் சிரித்தேன், முதலில் சிரிப்பு, பிறகு காவல்நிலைய வாசலில் கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு அவன் அப்பா, பக்கத்தில் அவன், காலையிலிருந்து இருவரும் எதுவும் தின்னவில்லை, நான் வாங்கிப்போன பரோட்டாப் பொட்டலம் அவர்களுக்கு நடுவே பிரிக்கப்படாமல் ஆறிக்கொண்டிருக்கிறது, சாப்பிடுங்கப்பா என்கிறேன், அவனைக் காலேஜ்ல வச்சுப்பாங்களா மக்களே என்று கேட்கிறார், வைத்துக்கொள்ளவில்லை, பஸ் ஏறும்போது ஜெபின் வாளியைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை, ஒரு இலையைக்கூட யாரும் கிள்ளவில்லை, ஆனாலும் அவன் சொன்ன முறை மாறவில்லை, இப்போது ஊரில் அவன் கட்டிலைவிட்டு எழுவதில்லையாம், திருப்பிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டுமாம், வாயே திறப்பதில்லையாம்.

மொட்டைமாடியில் வெயில் சாய்கிறது, வாளி அங்கேயேதான் இருக்கிறது, செடியைப் பிடுங்கிப்போன குழி காய்ந்து வெடித்திருக்கிறது, கையாட்ட எதுவும் இல்லை, போனில் ஜெபினின் அம்மா, பேசமாட்டக்கான் மக்களே, காதுல வச்சிருக்கேன், நீ சொல்லு என்கிறார், அந்தப் பக்கம் மின்விசிறி மட்டும் கேட்கிறது, மெஸ் சாம்பாரைப் பற்றிச் சொல்கிறேன், வார்டன் வழுக்கி விழுந்ததைச் சொல்கிறேன், விழவில்லை, அவனுக்காகத்தான் விழவைக்கிறேன், நானே சிரித்தும் காட்டுகிறேன், மின்விசிறி சுற்றுகிறது, நேற்றும் இப்படித்தான் சுற்றியது, சொல்ல வேறெதுவும் மிச்சமில்லை, வாளியருகே குனிந்து உட்கார்ந்துகொண்டு, போனை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்டுவிடாதபடி, தண்ணி குடிச்சியா மக்கா என்கிறேன்.